ஒரு சோடா கிடைக்குமோ?

"எனக்குத் தேத்தண்ணி வேண்டாம். ஒரு சோடா கிடைக்குமோ?"

வடசேரியில் என் தங்கை ரோஸியின் வீட்டு முன்னறையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவர் இப்படிக் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் அதன் பிறகு கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும்தான் பேசியது.

கேட்டவர் பெயர் அல்போன்ஸ். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இளவயதில் லண்டனுக்குப் போய், ஒரு ரயில் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் அவர் மனைவி புஷ்பம். இவர்கள் மகனும் ரோஸியின் மகள் ஷைனியும் லண்டனில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் விரும்பி, இரண்டு வீட்டிலும் முறைப்படி சொல்லிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் லீவு கிடைக்கவில்லை. வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை செலுத்த வந்த பெற்றோர், பெண் வீட்டையும் பார்த்துவிடலாம் என்று நாகர்கோவில் வரை வந்திருந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தால் அன்றே வாக்குக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் சம்மந்திகளாகக் கடலோரத்து வட்டக்கோட்டையில் போய்க் காற்று வாங்குவதாக ஏற்பாடு.

ரோஸியின் கணவர் அருள்தாஸ் சாதி கேட்கவில்லை, சொத்து கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தார். குடிக்கிற வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டார்.

அந்த மனிதர் முன்னால்தான் அல்போன்ஸ் சோடா கேட்டார். அதுவும் பகல் பதினொரு மணிக்கு.

கலரா, சோடாவா

வெளி மாவட்டத்து வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்கள் ஊரில் பெட்டிக்கடை முன்னால் போய் நின்றால் கடைக்காரர் கேட்பது, "கலரா, சோடாவா?" கலர் என்றால் இனிப்பு. சிவப்போ மஞ்சளோ கறுப்போ, எல்லாம் கலர்தான். சோடா என்றால் இனிப்பும் நிறமும் இல்லாத, வெறும் காற்று அடைத்த தண்ணீர். அதைக் கேட்பவர்கள் இரண்டே வகை: வயிறு சரியில்லாதவர்கள், இடுப்பில் ஒரு குப்பி வைத்திருப்பவர்கள். அல்போன்ஸ் வயிற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நான் உணவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாகப் படிப்பவர்களும் இரண்டு பத்தியில் கண்டுபிடித்துவிடுவார்கள். அரசாங்கத்துக்குக் கலரும் தெரியாது, கூல்டிரிங்ஸும் தெரியாது. எங்கள் கோப்புகளில் அதன் பெயர் 'இனிப்பூட்டிய காற்றேற்றிய நீர்'. பணிக்காலம் முழுவதும் இதை எழுதினேன். ஒரு தடவை தக்கலையில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த வேகத்தில், ஒரு கடைக்காரரிடம் வாயாலும் சொல்லிவிட்டேன். "காற்றேற்றிய நீர் விற்பனைக்கு வைத்திருக்கிறீர்களா?"

அவர் மிகுந்த பொறுப்போடு கையை நீட்டி, "காத்து ஏத்தணும்னா எதிர்த்த சைக்கிள் கடை சார்" என்றார்.

அன்றிலிருந்து எழுத்துக்கு ஒரு பெயர், வாய்க்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டேன்.

உலகம் சுற்றிய குப்பி

இந்த ஒரு பானத்துக்கு உலகம் வைத்திருக்கிற பெயர்களைக் கேட்டால், மனிதர்கள் ஒன்றுபட்டு எதையுமே செய்யப்போவதில்லை என்பது உறுதியாகிவிடும்.

வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிற மாவட்டம் இது. ஆகவே தகவலுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவில் இருக்கும் என் பழைய சக ஊழியரின் மகன் சொல்கிறான்: அங்கே ஒரு பக்கத்தில் அது சோடா, நடுநாட்டில் பாப், தெற்கே ஒரு கம்பெனிப் பெயரே எல்லாவற்றுக்கும் பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், "அதில் எது?" என்று கடைக்காரர் கேட்பாராம். "ஆரஞ்சு" என்று பதில் சொல்வார்களாம். இதில் யாருக்கும் வெட்கமில்லை.

வளைகுடாவிலும் அதே கதைதான், கம்பெனி மட்டும் வேறு. அருள்தாஸ் அங்கே ஒரு தொழிலாளர் முகாமில் சாப்பாட்டுக்கூடப் பொறுப்பாளராகப் பல வருஷம் இருந்தவர். அரபிக்காரர்களுக்குப் 'பல்'லில் வருகிற ப வராது, 'பஸ்'ஸில் வருகிற ப-தான் வரும் என்பதால், அந்தப் பெயரும் வாயில் மெலிந்துதான் வரும் என்பார்.

ஸ்காட்லாந்தில் ஒரு நகரத்தில் எல்லாக் கலருக்கும் பெயர் இஞ்சி. குப்பிக்குள் இஞ்சி இருக்க வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் லெமனேட் என்று கேட்டால் வருகிற குப்பியை எலுமிச்சை எட்டிக்கூடப் பார்த்திருக்காது. அதே இங்கிலாந்தில் சைடர் என்றால் போதை ஏறுகிற ஆப்பிள் மது. ஜப்பானில் சைடர் என்று கேட்டால் குழந்தைகள் குடிக்கிற இனிப்புத் தண்ணீர் வரும். ஜப்பானியக் குழந்தை ஒன்று இங்கிலாந்துக்கு விருந்து போய்த் தன் வழக்கமான பானத்தைக் கேட்டால், அந்த வீட்டில் என்ன முகங்கள் இருக்குமோ, அந்த முகங்கள்தான் அன்று வடசேரியில் இருந்தன.

இவ்வளவும் தெரிந்த எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. வந்தவர் ஆங்கிலத்திலோ ஜப்பானியத்திலோ கேட்டிருந்தால் உஷாராக இருந்திருப்பேன். தமிழில் கேட்டார். தமிழ் என்றால் நம் தமிழ்தான் என்று காது தீர்ப்பு எழுதிவிட்டது.

வாக்குமூலம்

முன்னறைக்குத் திரும்புவோம்.

உண்மையில், சோடாவுக்கு முன்னாலேயே ஒரு சிறு குழப்பம் நடந்தது. விருந்தாளிகள் வந்து உட்கார்ந்ததும் ரோஸி அடுக்களை வாசலில் நின்று கேட்டாள். "போஞ்சி குடிக்கியளா? இப்பம் போட்டதாக்கும்."

போஞ்சி என்றால் எலுமிச்சைச் சாறும் சீனியும் தண்ணீரும். எங்கள் பக்கம் கல்யாண வீட்டு வாசலில் முதலில் நீட்டப்படுவது அதுதான். புஷ்பம் கணவரைப் பார்த்தார். கணவர் கூரையைப் பார்த்தார்.

"இல்லை, வேண்டாம். வழியிலை சாப்பிட்டிட்டுத்தான் வந்தனாங்கள்" என்றார் புஷ்பம்.

குடிக்கிறீர்களா என்று கேட்டதற்குச் சாப்பிட்டுவிட்டோம் என்று பதில். பயணக் களைப்பு என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு ரோஸி தேநீர் போடவா என்று கேட்டாள். அப்போதுதான் அல்போன்ஸ் சோடா கேட்டார். ரோஸி தயங்கித் தயங்கி, "வீட்டுல சோடா வாங்குகது இல்ல" என்றாள். அதோடு முடிந்திருக்கும். புஷ்பம் முடியவிடவில்லை.

"நல்லதாப் போச்சு. இவருக்கு வருத்தம். டொக்டர் அடியோடை நிப்பாட்டச் சொல்லிப்போட்டார். கேக்கிறாரே? நான் இல்லாத நேரம் பாத்து ஒளிச்சு வச்சுக் குடிக்கிறார்."

அல்போன்ஸ் சிரித்தார். "ஒரு நாளைக்கு ஒண்டுதான். பின்னேரத்திலை அதுவும் இல்லாட்டில் என்ன சீவியம்?"

கலப்பட வழக்குகளில் ஒரு வியாபாரியிடம் இவ்வளவு முழுமையான வாக்குமூலம் எனக்குக் கிடைத்ததே இல்லை. அவர்களெல்லாம் கடையில் இருந்த தராசே தங்களுடையதில்லை என்பார்கள்.

அருள்தாஸ் எழுந்து பின்வாசல் வழியாக வெளியே போனார். போகிற போக்கில் என்னைப் பார்த்தார். நானும் எழுந்தேன்.

சலவைக்கல் பக்கத்தில்

அருள்தாஸின் அப்பா கடலுக்குப் போனவர். கரைக்கு வந்ததும் மகனைச் சோடா வாங்க அனுப்புவார். குப்பியின் கழுத்தில் கோலி உள்ளே விழுகிற சத்தம் கேட்டால், அருள்தாஸின் அம்மா அடுக்களையில் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிடுவாளாம். அந்த மனிதர் அந்தக் குடியிலேயே போய்ச் சேர்ந்தார். தன் வீட்டுக்குள் ஒரு சோடாக் குப்பியும் வராமல் அருள்தாஸ் பார்த்துக்கொண்டது அதனால்தான். இது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

சலவைக்கல் பக்கத்தில் நின்று அவர் கேட்டார். "மச்சான், கேட்டியளா?"

"கேட்டேன்."

"வீட்டுக்குள்ள கால் வச்சு அரை மணிக்கூறு ஆவல்ல. பெண்ணு பாக்க வந்த எடத்துல சோடா கேக்கான்."

"மரியாதையாப் பேசும் மாப்ள. வயசுல மூத்தவரு."

"வயசுல மூத்த வெள்ளமடி." குடிகாரனுக்கு எங்கள் பக்கம் மலையாளம் கலந்து சொல்கிற பெயர் அது. "பெஞ்சாதியே சொல்லுகா, ஒளிச்சு வச்சுக் குடிக்காருண்ணு. வருத்தமாம். வருத்தம் இல்லாதவன் எவன் மச்சான் இந்த ஒலகத்துல? எனக்கு இல்லியா? நான் குடிச்சனா?"

"இல்ல."

"அப்பனப் போலத்தான் மகனும் இருப்பான். சோத்தப் போட்டு அனுப்புவோம். வட்டக்கோட்டையும் வேண்டாம், ஒரு கோட்டையும் வேண்டாம். சாயங்காலம் பிள்ளைக்கிட்ட நான் சொல்லிக்கிடுகேன்."

ரோஸி பின்வாசலுக்கு வந்தாள். "ரெண்டுவேரும் இஞ்ச நிண்ணு என்ன குசுகுசுப்பு? அவிய தனியா இருக்காவ."

"ஷைனிக்குப் போன் போடு" என்றேன். "அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அவளுக்கு ராத்திரி டூட்டி அண்ணே. இன்னும் முடியல்ல. போன் பெட்டிக்குள்ள இருக்கும்." பிறகு கணவரைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "அவ ஒருத்தனத்தான் கேட்டா. இன்னது வேணும்னு அவ இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல."

அருள்தாஸ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மகள் மேல் அவருக்கு உயிர். அதனால்தான் அந்தப் பிடிவாதம் என்பதும் எனக்குத் தெரியும்.

நேராகவே கேட்டுவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். சம்மந்தம் பேச வந்தவரிடம் "நீங்கள் குடிப்பீர்களா?" என்று கேட்க முடியாது. ஆம் என்றால் அவருக்கு அவமானம், இல்லை என்றால் கேட்டவனுக்கு அவமானம். நான் சொன்னேன். "மாப்ள, சந்தேகம் சாட்சியம் ஆவாது. சாப்பாடு முடியட்டு."

இலையில் விழுந்த சொல்

வாழையிலையில் சோறு, விளமீன் குழம்பு, அவியல், தேங்காய் போட்ட பீன்ஸ் தோரன். அல்போன்ஸ் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். அருள்தாஸ் சிறைச்சாலையில் பரிமாறுகிறவர் போலப் பரிமாறினார். விருந்தாளிகள் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

புஷ்பம் சொன்னார். "போஞ்சி நல்லாயிருக்கு."

ரோஸி கரண்டியோடு நின்றாள். "போஞ்சி நீங்க குடிக்கவே இல்லியே."

"இதைத்தான் சொல்லுறன்." புஷ்பத்தின் விரல் இலையில் பீன்ஸைத் தொட்டது. "காலமை வந்தவுடனை குடிக்கச் சொல்லிக் கேட்டியள். நான் சூப்பாக்கும் எண்டு நினைச்சன். போஞ்சியிலை சூப் வைக்கிறது எங்களுக்குப் பழக்கமில்லை. அதாலை வேண்டாம் எண்டிட்டன்."

ரோஸிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்து, கரண்டியை வைத்துவிட்டு அடுக்களைக்குள் ஓடினாள். போஞ்சி என்றால் எங்களுக்கு எலுமிச்சைச் சாறு, அவர்களுக்குப் பீன்ஸ். காலையில் குடிக்கக் கேட்டதற்குச் சாப்பிட்டுவிட்டோம் என்று வந்த பதில் இப்போது இடத்தில் போய் உட்கார்ந்தது.

என் கை சோற்றில் நின்றது.

ஒரு கடையில் ஒரு பொட்டலத்தில் சீட்டு மாறியிருந்தால் அந்தக் கடையின் எல்லாப் பொட்டலத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இது நான் பணியில் கற்ற முதல் பாடம். போஞ்சியின் சீட்டு மாறியிருக்கிறது. அப்படியானால் சோடா?

கை கழுவும் இடத்தில் அருள்தாஸைப் பிடித்தேன். "மாப்ள, வண்டிய எடும். கடையில போய் ஒரு சோடாவும் ஒரு ஆரஞ்சுக் கலரும் வாங்கிட்டு வாரும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "எனக்க கையால சோடா வாங்கி இந்த வீட்டுக்குள்ள கொண்டு வரணுமா?"

"சாம்பிள் எடுக்காம கேஸ் போடப்பிடாது."

"ஒமக்கு எல்லாம் கேஸாக்கும்."

"இது ஒமக்க பிள்ளைக்க கேஸு. ஒரு குப்பிதான். கலக்கினார்னா நீரு ஜெயிச்சீரு. நானே அவியள பஸ் ஏத்திவிடுகேன்."

போனார். கடையில் நடந்ததைப் பிற்பாடு அவரே சொன்னார். இத்தனை வருஷமாக அருள்தாஸ் சோடா கேட்டுக் கண்டிராத கடைக்காரர், குப்பியை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "என்ன அண்ணே, நீங்களுமா?" என்று கேட்டாராம். பக்கத்தில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த ஒருவர், "மொளகா பஜ்ஜியும் வாங்கிட்டுப் போங்க, நல்லாருக்கும்" என்று யோசனை சொன்னாராம்.

பரிசோதனை

ஆரஞ்சுக் கலரை அடுக்களையில் மறைத்து வைக்கச் சொன்னேன். சோடாவை டம்ளரில் ஊற்றி அல்போன்ஸ் முன்னால் ரோஸி வைத்தாள். பக்கத்தில் குப்பி. அருள்தாஸ் கதவில் சாய்ந்து நின்றார். அவர் கண் டம்ளரில் இல்லை. விருந்தாளியின் கைப்பையில் இருந்தது.

அல்போன்ஸ் கைப்பையைத் தொடவில்லை. "அட, எடுப்பிச்சிட்டியளோ" என்று சந்தோஷமாக டம்ளரை எடுத்தார். புஷ்பம் தடுப்பதற்குள் ஒரு பெரிய மடக்குக் குடித்தார். வாயிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விருந்துக்குப் போன இடத்தில் துப்பக் கூடாது என்பதால் விழுங்கினார்.

"என்ன?" என்றேன்.

"குறை நினையாதையுங்கோ. இதுக்குள்ளை சீனி போட மறந்திட்டினம்."

அருள்தாஸ் கதவிலிருந்து நிமிர்ந்தார்.

நான் விசாரணையைத் தொடர்ந்தேன். "உங்க ஊர்ல சோடால சீனி உண்டா?"

"சீனி இல்லாமல் என்ன சோடா? சிவப்பு, மஞ்சள், கறுப்பு எண்டு எல்லாத்திலையும் சீனிதானே. இது பழசாக்கும், நிறமும் போயிட்டுது."

நான் தலையசைத்ததும் ரோஸி ஆரஞ்சுக் கலரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அல்போன்ஸ் முகம் மலர்ந்தது. "ஓம், ஓம். இதுதான் சோடா."

கையை நீட்டினார். அதற்குள் புஷ்பம் குப்பியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "வருத்தக்காரன் எண்ட நினைவு இருக்கோ? மகன் அறிஞ்சால் என்னைத்தான் பேசுவான்."

அந்த நேரத்தில்தான் அருள்தாஸ் வாய் திறந்தார். விருந்தாளிகளிடம் காலையிலிருந்து அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"அவருக்கு என்ன வருத்தம்?"

"சீனி வருத்தம். ஊசி போடுறவர்."

"சுகரா?"

"ஓம், அதுதான். பின்னை என்ன வருத்தம் எண்டு நினைச்சியள்?"

அருள்தாஸ் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்கத் தேவையானதைவிட அதிக நேரம் துடைத்தார். எங்களுக்கு வருத்தம் என்றால் மனசில் இருப்பது. அவர்களுக்கு உடம்பில் இருப்பது. அந்த ஒரு சொல்லுக்கு அவர் மகளின் வாழ்க்கையை அரை நாள் பணயம் வைத்திருந்தார்.

அல்போன்ஸ் மெதுவான மனிதரே தவிர, மந்தமானவர் அல்ல. டம்ளரையும் வெறும் சோடாவையும் எங்கள் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இஞ்சை இந்தச் சோடாவை என்னத்துக்குக் குடிக்கிறவை?"

நான் கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டினேன். அதுவே பதிலாகிவிட்டது.

"எட ஆண்டவரே" என்றார் புஷ்பம். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த குப்பி உருண்டது. "இவரோ? இவர் குடிவகை தொடுறேல்லை. இவரின்ரை தகப்பன் குடிச்சுக் குடிச்சே அழிஞ்ச மனுசன். அந்த மணமே இவருக்கு ஆகாது."

சிரிப்பு அதோடு நின்றது. அருள்தாஸ் தலையைத் தூக்கி அல்போன்ஸைப் பார்த்தார். அல்போன்ஸ் வெறுமனே தலையாட்டினார்.

சம்மந்தி

கொஞ்ச நேரம் கழித்து அருள்தாஸ் அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ரோஸி, சம்மந்திக்கு ஒரு போஞ்சி போடு. சீனி போடாத, உப்புப் போடு."

எங்கள் ஊரில் சம்மந்தி என்றால் தேங்காய்த் துவையலும்தான். அன்று அவர் துவையலைச் சொல்லவில்லை என்பது ரோஸிக்குப் புரிந்தது. எலுமிச்சை நறுக்குகிற சத்தத்தோடு மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

"வெள்ளம் ஊத்தட்டா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். தண்ணீரைத்தான் கேட்டாள். புஷ்பம் ஒரு தடவை ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டார்.

"வேண்டாம்" என்றார் அருள்தாஸ். மேசையில் குப்பியில் சோடா பாதிக்கு மேல் இருந்தது. அதை அவரே எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு டம்ளர். இரண்டிலும் எலுமிச்சை விதை மிதந்தது, நுரை மேலே வந்து வந்து உடைந்தது. ஒன்றை அல்போன்ஸிடம் கொடுத்தார். மற்றதை நின்றபடியே தன் வாயில் வைத்தார்.

வட்டக்கோட்டைக்குப் போகிற காருக்கு நேரமாகியிருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அவர் பாதி டம்ளர் குடித்தார். பிறகு டம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தார். பணிக்காலத்தில் எத்தனையோ ஆய்வக முடிவுகளை வாசித்திருக்கிறேன். எதுவும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை.

"இதுல ஒண்ணும் இல்ல மச்சான்" என்றார்.